உப்புத் தண்ணிக்கு இன்னும் உப்பா?



அரக்கோணம், திருத்தணி, சோளிங்கர் பக்கத்திலிருந்து எழுதும் வாசகர்கள் கொஞ்ச நாளாகவே ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டு வருகிறார்கள். "எங்க வீட்டு போர் தண்ணி ஒரே உப்பு. கெய்சர் காயில் நிக்கவே மாட்டேங்குது. உப்பு கொட்டாமலே தண்ணியைச் சரிபண்ற மெஷின் வந்திருக்காமே, வாங்கலாமா?"

அந்தப் பக்கத்து வீடுகளில் இது தினசரிப் பாடு. பக்கெட்டின் உள்விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருப்பதை எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. ஷவரில் பாதி ஓட்டைகள் அடைத்துக்கொண்டு, தண்ணீர் நாலு திசையில் பீய்ச்சுகிறது. வெள்ளைச் சட்டை ஆறே மாதத்தில் பழுப்பாகிறது. துவரம் பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேக அடம் பிடிக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏற வந்து தங்கும் உறவுக்காரர்கள் குளித்துவிட்டு வந்ததும், "என்ன அண்ணி, உங்க ஊர் தண்ணில சோப்பு நுரையே வரலையே" என்கிறார்கள். இதற்கு அண்ணி என்னதான் பதில் சொல்வார்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உப்பு போடாத முறைகளில் சில உண்மையிலேயே பலன் தருபவை. ஆனால் விற்க வருபவர் சொல்லும் எல்லா வேலையையும் அவை செய்யாது. இன்னொன்றையும் மனதிலிருந்து சொல்கிறேன். மூட்டை மூட்டையாக உப்பு கொட்டித் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் மெஷினை, போர் தண்ணீரை நம்பியிருக்கும் தெருவில் தயவுசெய்து வைக்காதீர்கள்.

ஏன் என்று சொல்வதற்கு முன், நம் தண்ணீரில் இருப்பது என்ன என்று பார்த்துவிடலாம். பக்கெட்டில் படிவது சாப்பாட்டு உப்பு இல்லை. கால்சியமும் மெக்னீசியமும்தான் அதில் முக்கியம். இவை தண்ணீருக்குத் தரும் கனத்தைத்தான் கடினத்தன்மை என்கிறோம். மழைத் தண்ணீர் மண்ணில் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. சுக்கான்கல் கலந்த மண்ணையும் பாறை இடுக்குகளையும் தாண்டிப் போகும் வழியில் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் சேர்த்துக்கொள்கிறது. பாறைக்குள் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவுக்குக் கனம் கூடும். கிணறு வற்றி, போர் போட்டு, அந்த போரும் வற்றி, அதைவிட ஆழமாக இன்னொன்று போட்ட வீடுகளில் தண்ணீர் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே போவதைப் பலர் கவனித்திருப்பீர்கள்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500. அதன்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் போர் தண்ணீர் இதில் எங்கே நிற்கிறது என்று தெரியுமா? தெரியாது என்றால், எந்த மெஷினுக்கும் இன்று பணம் கொடுக்காதீர்கள். அந்த எண் கையில் இல்லாமல் வாங்குவது, பவர் பார்க்காமல் மூக்குக்கண்ணாடி வாங்குவதுதான்.

அடுத்து, பலரும் பயந்து பயந்து கேட்கும் உடம்புக் கணக்கு. உப்புத் தண்ணீர் குடித்தால் ஏதாவது ஆகிவிடுமா? கடினத்தன்மைக்கு என்று உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. கால்சியமும் மெக்னீசியமும் உடம்புக்கு வேண்டிய சத்துகளும்கூட. கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொடி கால்சியம் கார்பனேட். அது விஷமில்லை. "இந்தத் தண்ணியில் குளித்தால் குழந்தைக்குத் தோல் நோய் வரும்" என்று சொல்லி மெஷின் விற்பவர்களும் உண்டு. இதை இங்கிலாந்தில் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் நடத்திய அந்த ஆய்வில் எக்ஸிமா என்ற தோல் நோய் இருந்த 336 குழந்தைகள் பங்கேற்றார்கள். ஒரு பாதிப் பேரின் வீடுகளில் சாஃப்ட்னர் பொருத்தினார்கள், மறு பாதிக்குப் பொருத்தவில்லை. 2011இல் முடிவு வெளிவந்தது. சாஃப்ட்னரால் எக்ஸிமா குறையவில்லை. சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து உண்டாகும் பிசுக்கு முடியைச் சொரசொரப்பாக்குவது உண்மை. அதற்காக வழுக்கைக்குக் காரணம் போர் தண்ணீர்தான் என்று யாராவது சொன்னால், வீட்டு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மேற்கொண்டு பேசுங்கள்.

ஆக, கடினத் தண்ணீர் நம் உடம்பைவிட நம் வீட்டுச் சாமான்களைத்தான் அதிகம் படுத்துகிறது. அதிலும் முக்கியமாகச் சூடு படும் சாமான்களை. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு ஏறியதும் உடைந்து கால்சியம் கார்பனேட்டாகப் பிரிகிறது. மற்ற பல பொருள்கள் சூட்டில் நன்றாகக் கரையும் என்றால் இது நேர்மாறு, சூட்டில் கரைவது குறையும். அதனால் இருப்பதிலேயே சூடான இடம் எதுவோ அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. கெய்சர் காயில், வாஷிங் மெஷின் ஹீட்டர், கெட்டில், இண்டக்‌ஷன் பாத்திரத்தின் அடி. காயில்மேல் ஓடு கட்டிவிட்டால் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்கும். கரண்ட் பில் ஏறும், கடைசியில் காயில் வெடித்துப்போகும்.

ரயில்வே குடும்பங்கள் நிறைந்த அரக்கோணத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறந்தபோது, அது அரக்கோணம் வழியாகத்தான் போனது. நீராவி என்ஜின் காலம் முழுக்க, பாய்லருக்குள் படியும் இந்த ஓடு ரயில்வேக்குப் பெரிய தலைவலி. குறிப்பிட்ட நாளைக்கு ஒருமுறை என்ஜினை ஆறவைத்து, பாய்லரைத் திறந்து கழுவியே ஆகவேண்டும். கடினமான தண்ணீர் கிடைத்த இடங்களில் சுண்ணாம்பும் சோடாவும் சேர்த்து, கால்சியத்தை வண்டலாக இறக்கிவிட்டுத்தான் பாய்லருக்கு ஏற்றினார்கள். சுண்ணாம்பு சேர்த்தே சுண்ணாம்பை நீக்கும் இந்த வழிக்கு 1841இல் காப்புரிமை பெற்றவர், ஸ்காட்லாந்தின் அபர்டீனைச் சேர்ந்த தாமஸ் கிளார்க். பாய்லருக்குப் போகும் தண்ணீருக்குத்தான் அத்தனை சிரத்தை. பிளாட்பாரம் கழுவும் தண்ணீரை யாரும் சுத்திகரிக்கவில்லை. வீட்டிலும் இந்தக் கணக்கே போதும் என்பது என் எண்ணம். ஒரு சொட்டு விடாமல் எல்லாத் தண்ணீரையும் மாற்றவேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

இனி, உப்பு கொட்டும் சாஃப்ட்னர். அது எப்படி வேலை செய்கிறது? உருளைக்குள் பிளாஸ்டிக் மணிகள் போன்ற ரெசின் இருக்கும். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தைத் தண்ணீருக்குள் விடும். மணிகள் நிரம்பியதும், உப்புக்கரைசலை ஊற்றி அலசி, பிடித்து வைத்ததையெல்லாம் சாக்கடைக்குத் தள்ளும். வேலையைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாது. சோப்பு நன்றாக நுரைக்கும், காயில் சுத்தமாக இருக்கும், துணி வெளுக்கும். கடினத்தன்மையை உண்மையிலேயே எடுத்துவிடும் வீட்டு மெஷின் இது.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாலு பேர் குடும்பம், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளைக்கு 540 லிட்டர். தண்ணீரின் கடினத்தன்மை 500 என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 270 கிராம் கடினத்தன்மையை நீக்கவேண்டும். வீட்டு மெஷின்களில் அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பு செலவாகும். அதாவது நாளைக்கு அரைக் கிலோ, மாதத்துக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல். சமையலுக்கு நாம் வாங்குவது மாதம் ஒன்றிரண்டு கிலோதான்! தெருவில் இருபது வீட்டில் இந்த மெஷின் வந்தால் வருடத்துக்கு மூன்றரை டன்னுக்கு மேல்.

இந்த உப்பெல்லாம் எங்கே போகிறது? அதில் ஒரு பகுதி உங்கள் பக்கெட்டுக்கு வருகிறது. கடினத்தன்மையில் 100 மில்லிகிராமை நீக்கினால் 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேரும். 500ஐ நீக்கினால் லிட்டருக்கு 230. ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அந்தத் தண்ணீர் அவர்கள் குடிப்பதற்கு இல்லை. வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றினாலும் மண் கெடும். மிச்சமெல்லாம் அலசிய தண்ணீரோடு போகிறது. பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் அது எங்கே போகும்? பின்பக்கத்து உறிஞ்சுகுழிக்கு. அங்கிருந்து பத்துப் பதினைந்தடி தள்ளித்தான் நம் போர் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கிணறும் அங்கேதான் இருக்கிறது. செப்டிக் டேங்கோ, மண்ணோ, வெயிலோ உப்பைச் சிதைக்காது. வெளியேற வழி கிடைக்கும்வரை அது அப்படியே தங்கும்.

உப்பு மண்ணுக்குள் போனால் என்ன நடக்கும் என்பதை ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருப்பவர்கள் கேள்விப்பட்டு மட்டுமா இருக்கிறார்கள்? பாலாற்றங்கரை ஊர்கள் அனுபவித்தே பார்த்திருக்கின்றன. அங்கே தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் தோலைக் கெடாமல் வைப்பதற்குப் போட்ட உப்பும் பதனிடப் பயன்படுத்திய ரசாயனமும் கழிவுநீரில் கலந்து, கிணறு கிணறாகக் கெடுத்தன. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்கவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்த முக்கியமான தீர்ப்பு அது. தீர்ப்பு வந்ததனால் கெட்ட கிணறு ஒரே நாளில் இனித்துவிடவில்லை. தொழிற்சாலையையும் வீட்டையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அளவு வேறு. ஆனால் உப்பு மண்ணுக்குள் இறங்கியபின் நடப்பது ஒன்றுதான்.

இது நம் ஊர்க் கவலை மட்டுமில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சாண்டா கிளாரிட்டா என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. வீட்டு சாஃப்ட்னர்களிலிருந்து வந்த குளோரைடு, அங்கே ஓடும் ஆற்றைப் பாதித்தது. 2008இல் அந்த ஊர் மக்களே வாக்களித்து, உப்பு போடும் சாஃப்ட்னர்களுக்குத் தடை கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே பொருத்தியிருந்தவற்றையும் கழற்றினார்கள். அங்கே பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் இருந்தும் இந்த நிலை. அரக்கோணத்துத் தண்ணீர் சேரும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையோ, பூண்டி ஏரி வழியாகச் சென்னைக்கும் குடிநீர் கொடுக்கிறது.

சரி, உப்பு வேண்டாம். பதிலுக்கு என்ன?

கடைகளில் 'சால்ட் ஃப்ரீ சாஃப்ட்னர்' என்று எழுதியிருப்பவை எல்லாம் ஒரே சாமான் இல்லை. குறைந்தது மூன்று வகை இருக்கிறது. அவற்றில் நன்றாக வேலை செய்வதாகச் சோதனைகளில் தெரியவந்திருப்பது டிஏசி என்னும் முறை. உருளைக்குள் இருக்கும் மணிகளின் மேற்பரப்பில் மிக நுண்ணிய இடங்கள் உண்டு. அங்கே கால்சியம் கார்பனேட் மிகச் சிறிய படிகங்களாக உருவாகி, உதிர்ந்து, தண்ணீரோடே மிதந்து போய்விடும். பிடித்துக்கொள்ளத் தயாரான படிகம் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால், புதிதாகப் பிரியும் கால்சியம் காயிலைத் தேடிப் போகாமல் அதன்மேலேயே படியும். உப்பு வேண்டாம், கரண்ட் வேண்டாம், அலசிக் கொட்டும் தண்ணீர் இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் உப்பில்லாத முறைகள் பலவற்றை ஒப்பிட்டுச் சோதித்தபோது, ஓடு கட்டுவதை அதிகமாகக் குறைத்தது இந்த முறைதான்.

இதைக் கேட்டதும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் விற்பவர் சொல்லாமல் விடும் இரண்டு மூன்று விஷயங்களை நான் சொல்லவேண்டும்.

முதலாவது, கால்சியம் தண்ணீரிலேயேதான் இருக்கிறது. வடிவம்தான் மாறியிருக்கிறது. ஆகவே சோப்பு நுரை கூடாது. பருப்பும் இதனால் சீக்கிரம் வேகாது. கறுப்பு கிரானைட்டில் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி வரும். பழையபடி கல்லாக ஒட்டாமல், துணியால் துடைத்தால் பொடியாக வந்துவிடும், அவ்வளவே. "மெஷின் போட்டதும் சோப்பு பஞ்சு மாதிரி நுரைக்கும்" என்று யாராவது சொன்னால், அவர் விற்பது டிஏசி இல்லை, அல்லது அவருக்கே அது என்னவென்று தெரியவில்லை.

இரண்டாவது, இது கார்பனேட் வகைக் கடினத்தன்மைக்கு மட்டும்தான். சல்ஃபேட், குளோரைடு வகைக் கடினத்தன்மையை இது தொடாது. உங்கள் தண்ணீர் எந்த வகை? பரிசோதனை ரிப்போர்ட்டில் 'மொத்தக் கடினத்தன்மை', 'காரத்தன்மை' என்று இரண்டு எண்கள் இருக்கும். காரத்தன்மை கடினத்தன்மைக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ இருந்தால், கடினத்தன்மை முழுவதும் கார்பனேட் வகை. மிகவும் குறைவாக இருந்தால் இந்த மெஷினுக்குச் செலவழிப்பதில் பெரிய பயன் இருக்காது. இரும்புச் சத்தையும் பாருங்கள். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் அந்த மணிகள் துருப் படிந்து செயலிழந்துவிடும். அப்படியானால் இரும்பு நீக்கும் ஃபில்டரை முன்னால் போடவேண்டும்.

மூன்றாவதைத்தான் நம் ஊர் வீடுகளில் பலரும் தவற விடுகிறார்கள். இந்த மெஷின்கள் மணிகளைத் தூக்கிப் புரட்டும் அழுத்தத்தில் தண்ணீர் வரவேண்டும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. வெளிநாடுகளில் குழாயிலேயே அந்த அழுத்தம் இருக்கும். நமக்கோ மொட்டை மாடி டேங்கிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர். பத்தடி உயரத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் வெறும் 0.3 பார். "என் வீட்டு டேங்க் உயரத்துக்கு இது வேலை செய்யுமா, எவ்வளவு வேகத்தில் தண்ணீர் வரவேண்டும்?" என்று எழுத்தில் பதில் கேளுங்கள். பிரஷர் பம்ப் வேண்டும் என்றால் அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சாஃப்ட்னர் போட்டால் உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் சோதித்து, வேலை செய்கிறதா என்று உடனே கண்டுபிடித்துவிடலாம். டிஏசியில் இரண்டு பக்கமும் கடினத்தன்மை ஒன்றேதான் காட்டும். அதனால் இந்த மெஷினை விற்பவரின் வாய்வார்த்தை போதாது. ஓடு கட்டுவதைச் சோதிப்பதற்கென்றே டிவிஜிடபிள்யூ டபிள்யூ 512 என்ற ஜெர்மன் முறை இருக்கிறது. அதில் தேறிய சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பொருத்தும் அன்றே கெய்சர் காயிலைச் சுத்தம் செய்து, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்துத் திறந்து பாருங்கள்.

விலை பல ஆயிரங்களில் போகும் சாமான் இது. எல்லாருக்கும் கட்டுப்படியாகாது என்பது தெரிந்ததே. நடுத்தர வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இரண்டாவது வகையை. கெய்சருக்கும் வாஷிங் மெஷினுக்கும் தண்ணீர் போகும் குழாயில் மட்டும் மாட்டும் சின்னக் குப்பி அது. உள்ளே பாலிஃபாஸ்ஃபேட் கட்டிகள் இருக்கும். அவை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கால்சியம் சேர்ந்து கட்டியாகாமல் தடுக்கும். எலக்ட்ரிகல் கடையிலும் பிளம்பிங் கடையிலும் கிடைக்கும். கட்டிகள் கரைந்ததும் புதிதாக நிரப்பவேண்டும், அதை மறந்துவிட்டால் வெறும் குப்பிதான் தொங்கும். தண்ணீர் மிகவும் சூடானால் பாலிஃபாஸ்ஃபேட் உடைந்து பலன் குறைந்துவிடும் என்பதால், கெய்சரின் சூட்டைக் கட்டுக்குள் வைக்கவேண்டும். குடிக்கும், சமைக்கும் தண்ணீர்க் குழாயில் இதை மாட்டாதீர்கள்.

மூன்றாவது வகை, குழாயைச் சுற்றிக் கம்பி சுற்றும் எலக்ட்ரானிக் பெட்டியும், குழாயில் கட்டும் காந்தமும். சில இடங்களில் பலன் கிடைத்ததாகவும், சில இடங்களில் எதுவும் கிடைக்கவில்லை என்றும் சோதனைகள் சொல்கின்றன. அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

வீட்டு வாசலில் நடக்கும் செய்முறை விளக்கத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். இரண்டு கிளாஸில் தண்ணீர் ஊற்றி, கரண்ட் கம்பி விட்டதும் உங்கள் தண்ணீர் பழுப்பாகக் கொழகொழவென்று மாறும். அவர் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாக இருக்கும். பார்க்கிற யாருக்குமே வயிற்றைக் கலக்கும். அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கம்பியின் இரும்பு கரைந்து வந்த துரு அது. தாது இருக்கும் தண்ணீரில் கரண்ட் பாயும், இரும்பு கரையும். தாது இல்லாத ஆர்ஓ தண்ணீரில் கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் ஒன்றும் நடக்காது. டிடிஎஸ் மீட்டரை வைத்துக் கடினத்தன்மை சொல்வதும் இப்படித்தான். டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் எல்லாவற்றின் கூட்டுத்தொகை. அதில் கால்சியம் எவ்வளவு என்று அந்த மீட்டருக்குத் தெரியாது.

எதுவுமே வாங்காமல் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. கெய்சர் சூட்டை 60 டிகிரியைத் தாண்டாமல் வையுங்கள். குளிக்க அதற்கு மேல் தேவையில்லை, ஓடு கட்டுவதும் கணிசமாகக் குறையும். ஷவர் தலையைக் கழற்றி, ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மூன்று ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் தூள் போட்டு ஊறவையுங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். குமிழ் விட்டுக் கரையும். கெட்டிலுக்கும் இதே வைத்தியம். மார்பிள் தரையில் மட்டும் சிந்திவிடாதீர்கள், கல்லையும் அரித்துவிடும். பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிக் குழாயின் பளபளப்பைக் கெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். எந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரோடு கலக்கக்கூடாது, விஷ வாயு வரும்.

துணிக்கு? அந்தக் காலத்தில் வெள்ளாவி வைத்தவர்கள் உவர்மண் சேர்த்தார்களே, அதிலிருக்கும் சோடியம் கார்பனேட் தண்ணீரின் கால்சியத்தை வண்டலாக இறக்கிவிடும். படிப்பறிவு இல்லாதவர்கள் என்று நாம் நினைத்த சலவைத் தொழிலாளர்களின் கையில் இருந்தது சுத்தமான வேதியியல். இன்று வாஷிங் சோடா அதையே செய்கிறது. வெள்ளைத் துணியை ஊறவைக்கும் வாளியில் ஒரு ஸ்பூன் போட்டுப் பாருங்கள், சோப்புச் செலவு குறையும். பட்டுக்கும் கம்பளிக்கும் வேண்டாம். தலைக்குச் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் இருக்கவே இருக்கின்றன. அவற்றில் நுரை தரும் பொருள் சோப்பிலிருந்து வேறானது, கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காவதில்லை. உப்புத் தண்ணீரிலும் தலை நன்றாக அலசும்.

பருப்பு விஷயத்தில் குக்கரைக் குறை சொல்லாதீர்கள். கால்சியம் பருப்பின் செல்சுவரில் இருக்கும் பெக்டினை இறுக்கிவிடுகிறது. ஊறவைக்கவும் வேகவைக்கவும் நகராட்சிக் குழாயில் வரும் நல்ல தண்ணியை எடுங்கள். ஆப்ப சோடா போட்டால் வேகும்தான், ஆனால் பி விட்டமின் போய்விடும். ஆர்ஓ மெஷின் வைத்திருப்பவர்கள் அதன் கழிவுத் தண்ணீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். அதை வாஷிங் மெஷினில் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள். போர் தண்ணீரைவிடக் கடினமான தண்ணீர் அது.

கடைசியாக மழை. மழைத் தண்ணீரில் கடினத்தன்மை அநேகமாக இல்லை. எந்த மெஷினும் தரமுடியாத மென்மை அது. வருகிற மழையை நாம் என்ன செய்கிறோம்? 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீட்டுக்கு வீடு குழாய் இறங்கியது. அந்தக் குழாய் இன்று உங்கள் வீட்டில் எங்கே போய் முடிகிறது என்று போய்ப் பார்த்தீர்களா? பல வீடுகளில் வடிகட்டித் தொட்டி மண் மூடிக் கிடக்கிறது, அல்லது அதன்மேல் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் 900 லிட்டருக்கு மேல். ஆடி, ஆவணியில் சாயங்காலம் இடியோடு கொட்டும் ஒரு மழைக்கே அவ்வளவு வரும். முதல் பத்து நிமிடத் தண்ணீரைத் தனியாக விட்டுவிட்டு, மிச்சத்தைத் துணியால் வடிகட்டி, மூடி போட்ட டிரம்மிலோ டேங்கிலோ பிடித்தால், துவைக்கவும் தலைக்கு ஊற்றவும் பல நாளைக்கு வரும். டிரம் நிறைந்தபின் வருவதை உறிஞ்சுகுழிக்கு விடாமல் கிணற்றுக்கோ போருக்குப் பக்கத்துச் சேகரிப்புக் குழிக்கோ திருப்பிவிடுங்கள். வருடக்கணக்கில் இப்படி இறங்கும் மழை, தரைக்கடியில் இருக்கும் தண்ணீரின் கனத்தையே குறைக்கும். இதைத் தனி வீடாகச் செய்வதைவிடத் தெருவாகச் செய்தால் பலன் கண்ணில் தெரியும்.

பரிசோதனைக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு. கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் தண்ணீரைக் கொடுக்கலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, டேங்கிலிருந்து பிடிக்காமல் போர் குழாயிலிருந்தே சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். மொத்தக் கடினத்தன்மை, காரத்தன்மை, இரும்பு, டிடிஎஸ் நான்கையும் கேளுங்கள். ஃப்ளோரைடையும் நைட்ரேட்டையும் கட்டாயம் சேர்த்துக் கேளுங்கள். உடம்புக்குக் கெடுதல் செய்யக்கூடியவை அவைதான், அவற்றை நான் மேலே சொன்ன உப்பில்லாத மெஷின் எதுவும் எடுக்காது.

ரிப்போர்ட் வந்ததும் அந்த எண்களை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எந்த ஊர், கிணறா போரா, எத்தனை அடி ஆழம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெயரை வெளியிடாமல், ஊர்வாரியாக இதே பக்கத்தில் போடுகிறோம். பக்கத்துத் தெருவின் எண்ணையும் உங்கள் எண்ணையும் வைத்துப் பார்த்துவிட்டு, வாங்குவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

அன்புடன்,
ஆசிரியர்